அடியில் இருப்பது எண்ணெயா, வாயுவா?

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்கநிலை, உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களிடையே அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் சரியாகப் பதில் சொல்லாத ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு நான் சொல்லப்போகும் காட்சி பழகியதுதான். வயல்களுக்கு நடுவே வேலியிட்ட ஓர் இடம், அதில் உயரமான ஓர் இரும்புக் குழாய், அதன் நுனியில் எரியும் தீ. இரவில் தொலைவிலிருந்தே தெரியும். எட்டாம் வகுப்பில் பெட்ரோலியம் பற்றி நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், அங்க எண்ணெய்தானே எடுக்குறாங்க? அப்புறம் மேல ஏன் கேஸ் எரியுது?"

நான் கரும்பலகையில் வழக்கமான படத்தை வரைந்தேன். கவிழ்த்த கிண்ணம்போல ஒரு பாறை. அதற்குள் அடியில் நீர், நடுவில் எண்ணெய், உச்சியில் வாயு. "எண்ணெய்க்கு மேல வாயு தனியா தேங்கியிருக்கும்மா, கிணறு போடும்போது அதுவும் வந்துடும்" என்றேன். அவள் விடவில்லை. "அப்ப அந்த வாயு தீர்ந்துட்டா நெருப்பு அணைஞ்சிடும், எண்ணெய் மட்டும் வரும், அப்படித்தானே டீச்சர்?" நல்லவேளையாக மணி அடித்தது. அன்று என்னைக் காப்பாற்றியது மணிதான்.

அந்தப் படம் முழுவதும் தவறில்லை. அப்படி வாயு தனியாக மேலே தங்கியிருக்கும் இடங்கள் உண்டு. ஆனால் பல எண்ணெய்த் தேக்கங்களில் மேலே வாயுவே இருக்காது. இருந்தும் எண்ணெய் எடுக்கும்போது வாயு வரும். எங்கிருந்து? எண்ணெய்க்குள்ளிருந்தே! சோடாவில் வாயு கரைந்திருப்பதைப்போல எண்ணெயில் எரிவாயு கரைந்திருக்கிறது. அந்த மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இந்த ஒரே வரிதான். இந்த ஒரு வரி தெரிந்திருந்ததாலும் தெரியாமல் போனதாலும் என்னென்ன நடந்தது என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

குளம் அல்ல, பாறை

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைவோம். பூமிக்கு அடியில் எண்ணெய் ஏரியோ குளமோ கிடையாது. எண்ணெய் இருப்பது பெரும்பாலும் மணற்பாறையிலும் சுண்ணாம்புப் பாறையிலும் உள்ள நுண்துளைகளில். தொடக்கநிலை ஆசிரியர்கள் இதைக் காட்ட ஒரு செங்கல் போதும். காய்ந்த செங்கல்லை எடை போடுங்கள். ஒரு நாள் நீரில் ஊறவைத்து மீண்டும் எடை போடுங்கள். கூடிய எடை அது குடித்த நீரின் எடை. "கெட்டியான கல்லுக்குள்ள இவ்வளவு தண்ணியா?" என்று குழந்தைகள் வியப்பார்கள். எண்ணெய்ப் பாறையும் அப்படித்தான். நல்ல மணற்பாறையில் மொத்தக் கன அளவில் 100-க்கு 10 முதல் 30 பங்கு வரை துளைகள் இருக்கும்.

அடுத்தது அழுத்தம். நீரில் 10 மீட்டர் ஆழம் இறங்கினால் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்று நடத்துகிறோம். பாறைத் துளைகளில் உள்ள நீர் மேலே வரை தொடர்ந்து இருப்பதால், பல இடங்களில் இதே கணக்கு அங்கும் பொருந்தும். 2,000 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தம். வெப்பமும் உண்டு. ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை கூடும். ஆக அந்த ஆழத்தில் 80 டிகிரியை ஒட்டிய சூடு இருக்கும்.

200 மடங்கு அழுத்தத்திலும் அந்தச் சூட்டிலும் இருக்கும் ஒரு திரவம், நம் ஆய்வகக் குடுவையில் இருக்கும் திரவம்போல நடந்துகொள்ளுமா? கொள்ளாது. அதனால்தான் அதன் பண்புகளைத் தனியாக ஆராய வேண்டியிருக்கிறது.

குமிழிப் புள்ளி

பத்தாம் வகுப்பில் 'கரைசல்கள்' பாடம் நடத்துபவர்கள், அழுத்தம் கூடினால் வாயு அதிகம் கரையும் என்பதற்குக் குளிர்பானப் பாட்டிலை உதாரணம் காட்டுவோம். மூடிய பாட்டிலில் குமிழி இருக்காது. மூடியை மெல்லத் திருகியதும் 'உஸ்' என்ற ஒலியோடு குமிழிகள் கிளம்பும். பாட்டிலுக்குள் அழுத்தம் குறைந்தது, கரைந்திருந்த வாயு பிரிந்தது.

எண்ணெய்த் தேக்கத்திலும் இதுதான் நடக்கிறது. கிணற்றின் வழியாக எண்ணெய் வெளியேற வெளியேற அடியில் அழுத்தம் குறைகிறது. குறைந்துகொண்டே வந்து ஓர் அளவில் முதல் குமிழி தோன்றும். அந்த அழுத்தத்தைத்தான் குமிழிப் புள்ளி என்கிறார்கள். எண்ணெய்த் தேக்கம் பற்றிய ஆய்வில் இந்த எண்ணுக்கு இருக்கும் மதிப்பு மிகப் பெரிது.

காரணம், குமிழிப் புள்ளிக்குக் கீழே போனால் பல மாற்றங்கள் ஒன்றாக நடக்கின்றன. வாயு பிரிந்ததும் எண்ணெய் சுருங்குகிறது. அடியில் 1.2 அல்லது 1.5 பீப்பாய் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த எண்ணெய் மேலே வந்தால் ஒரு பீப்பாய்தான் நிற்கும். அதோடு எண்ணெய் கெட்டியாகிறது. பெயிண்டில் தின்னர் கலந்தால் இளகும் அல்லவா, அதுபோல எண்ணெயை இளக வைத்திருந்தது அந்த வாயுதான். அது போனால் பாகுநிலை கூடி, நுண்துளைகளில் நகரவே எண்ணெய் திணறும். பிரிந்த வாயுவுக்கோ பாகுநிலை மிகக் குறைவு. அது எண்ணெயை முந்திக்கொண்டு கிணற்றுக்கு ஓடிவிடும். தள்ள வேண்டிய வாயு தான் மட்டும் தப்பிவிட, எண்ணெய் பாறையிலேயே தங்கிவிடுகிறது.

இதை வகுப்பில் அளந்தே காட்டலாம். ஒரே அளவுள்ள இரண்டு சோடா பாட்டில்கள் போதும். ஒன்றை வெளியே, திறந்த இடத்தில் வைத்து, லேசாகக் குலுக்கி, முகத்துக்கு நேரே இல்லாமல் ஆசிரியரே சட்டெனத் திறக்க வேண்டும். சோடா பொங்கி வழியும். அடங்கிய பின் மீதியை அளவுசாடியில் ஊற்றி அளக்கச் சொல்லுங்கள். இன்னொன்றைக் குலுக்காமல் மெல்ல, விட்டுவிட்டுத் திறங்கள். வாயு போய்விடும், சோடா அப்படியே இருக்கும். "முதல் பாட்டில்ல எத்தனை சதவீதம் வெளிய வந்துச்சு? ரெண்டாவதுல எவ்வளவு?" என்று கேட்டால் சதவீதக் கணக்கும் ஆயிற்று. கரைந்த வாயுவின் தள்ளுதலை மட்டும் நம்பி எடுக்கும் தேக்கங்களில் பெரும்பாலும் 100-க்கு 5 முதல் 30 பங்கு எண்ணெய்தான் கிடைக்கும். மீதி பாறைக்குள்ளேயே நின்றுவிடும்.

எப்படி அளக்கிறார்கள்?

இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் திரவத்தை அதே நிலையில் எப்படி ஆராய்வது? மேலே கொண்டுவந்தால் வாயு பிரிந்துவிடுமே?

கிணற்றுக்குள் கம்பியில் கட்டி ஓர் உறுதியான எஃகுக் குழலை இறக்குகிறார்கள். அடியில் அதற்குள் எண்ணெய் நிறைந்ததும் வால்வுகள் மூடிக்கொள்ளும். அடியில் இருந்த எண்ணெய், கரைந்த வாயுவோடு சேர்ந்து அப்படியே சிறைப்பட்டு மேலே வரும். இப்படி மாதிரி எடுத்து ஆராயும் முறையை 1935-ல் ரால்ஃப் ஷில்துயிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் கட்டுரையாக விளக்கினார். ஆய்வகத்தில் அந்த மாதிரியைத் தடித்த சுவருள்ள ஒரு கலத்தில் அடைத்து, பாறையின் வெப்பநிலைக்குச் சூடாக்கி, அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் கன அளவைக் குறிக்கிறார்கள்.

அந்த அளவுகளை வரைபடத்தில் வைத்தால் கோடு ஓர் இடத்தில் முறியும். முதலில் அழுத்தம் குறைந்தாலும் கன அளவு மிகச் சிறிதளவே கூடும், ஏனெனில் அது வெறும் திரவம். குமிழி தோன்றியதும் கன அளவு வேகமாகக் கூடத் தொடங்கும். கோடு முறிகிற இடம்தான் குமிழிப் புள்ளி. நாம் நடத்தும் சாய்வு, கோட்டு வரைபடம் எல்லாம் அங்கே இதற்குத்தான் உதவுகின்றன.

இதன் எளிய வடிவத்தை நாமும் செய்யலாம். ஊசி இல்லாத புதிய 20 மில்லி சிரிஞ்சில் 5 மில்லி சோடாவை இழுங்கள். காற்றை வெளியேற்றுங்கள். நுனியை விரலால் அடைத்துக்கொண்டு தண்டைப் பின்னால் இழுங்கள். குமிழிகள் பொங்கும். தண்டை விடுங்கள், தணியும். சாதாரண நீரிலும் இதையே செய்து ஒப்பிடச் சொல்லுங்கள். அழுத்தம், கன அளவு, கரைதிறன் மூன்றையும் மாணவர் விரல் நுனியிலேயே உணர்வார்.

எல்லாக் கிணற்றிலும் இப்படி மாதிரி எடுத்து ஆராய வசதி இருக்காதல்லவா? 1947-ல் ஸ்டாண்டிங் என்பவர் கலிபோர்னியாவின் 22 எண்ணெய், வாயுக் கலவைகளில் எடுத்த 105 அளவுகளைக்கொண்டு ஒரு வழி கண்டார். கரைந்த வாயுவின் அளவு, வாயுவின் ஒப்படர்த்தி, எண்ணெயின் அடர்த்தி, வெப்பநிலை ஆகிய நான்கும் தெரிந்தால் குமிழிப் புள்ளியை ஏறத்தாழக் கணித்துவிடலாம். எண்ணெயின் அடர்த்தியை அவர்கள் ஏ.பி.ஐ. அளவில் சொல்வார்கள். 141.5-ஐ ஒப்படர்த்தியால் வகுத்து 131.5-ஐக் கழிக்க வேண்டும். நீருக்குப் போட்டுப் பாருங்கள், 10 வரும். ஒப்படர்த்தி 0.85 உள்ள எண்ணெய்க்கு 35 வரும். எண் கூடக் கூட எண்ணெய் இலேசானது. கணித ஆசிரியர்களுக்கு நல்ல பயிற்சிக் கணக்கு இது.

ஒன்றை நினைவில் வையுங்கள். இந்த மாதிரியைத் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டும். தேக்கத்தின் அழுத்தம் குமிழிப் புள்ளிக்குக் கீழே போன பிறகு எடுத்த மாதிரி, முதலில் என்ன இருந்தது என்பதைச் சொல்லாது.

கிழக்கு டெக்சாஸ் சொல்லும் பாடம்

இப்போது இந்த எண்களை உண்மையான ஓர் இடத்தில் வைத்துப் பார்ப்போம். அமெரிக்காவின் கிழக்கு டெக்சாஸ் எண்ணெய் வயல். 1930 அக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளம். எண்ணெய் இருந்தது சுமார் 3,600 அடி, அதாவது 1,100 மீட்டர் ஆழத்தில். நம் கணக்குப்படி அங்கே 110 வளிமண்டல அழுத்தம் இருக்க வேண்டும். சதுர அங்குலத்துக்குப் பவுண்டு கணக்கில் மாற்றினால் 1,600-ஐத் தொடும். உண்மையில் அளந்ததும் ஏறத்தாழ அதுவேதான். நம் பள்ளிக் கணக்கு அங்கே சரியாகப் பொருந்துவதைப் பாருங்கள்.

அந்த எண்ணெயின் குமிழிப் புள்ளி ஏறத்தாழ 750 பவுண்டு. ஆக மேலே தனி வாயு இல்லை, எல்லாம் கரைந்தே இருந்தது. ஒரு பீப்பாய்க்குச் சுமார் 365 கன அடி வாயு. நம் அளவில் சொன்னால், ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ 65 லிட்டர் வாயு.

யார் நிலத்தில் எடுத்தாலும் எடுத்தவருக்கே எண்ணெய் சொந்தம் என்பது அந்த ஊர்ச் சட்டம். பக்கத்து நிலத்துக்காரர் எடுப்பதற்குள் நாம் எடுத்துவிட வேண்டும் என்று ஆளாளுக்குக் கிணறு போட்டார்கள். ஒரே பாத்திரத்தில் பல உறிஞ்சுகுழல் போட்டதைப்போல ஆயிற்று. பீப்பாய் ஒரு டாலரை ஒட்டியிருந்த விலை, 1931-ல் 10 சென்ட் அளவுக்குக்கூட விழுந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆளுநர் படைகளை அனுப்பிக் கிணறுகளை மூடினார். படையை அனுப்பியது செல்லாது என்று பிறகு நீதிமன்றம் சொன்னாலும், ஒவ்வொரு கிணற்றுக்கும் நாளுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு மெல்ல மெல்ல நிலைபெற்றது.

விலையைக் காப்பது இதில் பெரிய காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது, அது அறிவியல். அந்த எண்ணெய்க்குப் பின்னால் மேற்கே பெரிய நீர் நிறைந்த பாறை இருந்தது. மெதுவாக எடுத்தால் நீர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும், அழுத்தம் விழாது. அவசரப்பட்டால் நீர் வந்து சேர்வதற்குள் அழுத்தம் குமிழிப் புள்ளியை நோக்கிச் சரிந்துவிடும். எடுத்தது எவ்வளவு, மீந்தது எவ்வளவு விரிந்தது, உள்ளே வந்த நீர் எவ்வளவு என்று நம் வரவு செலவுப் பதிவேடுபோலக் கணக்கிடும் முறையை 1936-ல் அதே ஷில்துயிஸ் வகுத்தார். 1938 முதல், எண்ணெயோடு வந்த உப்பு நீரை மீண்டும் அதே பாறைக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். அழுத்தம் நின்றது. அந்த வயலிலிருந்து இதுவரை 500 கோடி பீப்பாய்க்கு மேல் கிடைத்திருக்கிறது. அங்கே இருந்த எண்ணெயில் பெரும்பகுதியே அது.

அதே வயலில் ஒரு பள்ளி

இதுவரை சொன்னது, பண்பை அறிந்து காப்பாற்றியது. அதே வயலில் அதே வாயுவைப் பற்றி இன்னொரு நிகழ்வு உண்டு. ஆசிரியர்களாகிய நாம் கட்டாயம் அறிய வேண்டியது.

எண்ணெயை அப்படிப் பேணியவர்கள், அதிலிருந்து பிரிந்த வாயுவை மதிக்கவில்லை. அதிலுள்ள பெட்ரோலைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சியதைக் கழிவாகக் கருதி எரித்தார்கள். குழாயில் ஓடும் அந்தக் கழிவு வாயுவைச் சுற்றுப்புற வீடுகள் இணைப்புப் போட்டு இலவசமாக எடுத்துக்கொள்வது அங்கே வழக்கமாகிவிட்டது. நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளியும் 1937-ல், செலவைக் குறைக்க, விலைக்கு வாங்கிய வாயுவை நிறுத்திவிட்டு அந்தக் குழாயில் இணைப்புப் போட்டது. இத்தனைக்கும் எண்ணெய் வருவாயால் செழித்த பள்ளி அது, வளாகத்திலேயே எண்ணெய்க் கிணறுகள் இருந்தன.

எரிவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கசிந்த வாயு கட்டடத்துக்கு அடியில் இருந்த வெற்றிடத்தில் தேங்கியது, யாருக்கும் தெரியவில்லை. 1937 மார்ச் 18, பிற்பகல் 3 மணி கடந்து, பள்ளி விடச் சில நிமிடங்களே இருந்தன. தொழிற்பயிற்சி அறையில் ஒரு மின் இயந்திரத்தை இயக்கியபோது எழுந்த பொறி போதுமானதாயிற்று. சுமார் 300 மாணவர்களும் ஆசிரியர்களும் இறந்தனர்.

சில வாரங்களிலேயே டெக்சாஸில் ஒரு சட்டம் வந்தது. எரிவாயுவில் மணமூட்டும் பொருள் கலக்க வேண்டும் என்பது அது. பிறகு அந்த நடைமுறை உலகெங்கும் பரவியது. நம் வீட்டுச் சிலிண்டர் கசிந்தால் ஒரு வாடை வருகிறதே, அது வாயுவின் இயல்பான வாடை இல்லை. எத்தில் மெர்காப்டன் என்ற பொருளை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். அந்த வாடையைப் பற்றி வகுப்பில் சொல்லும்போது, அந்தப் பள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: சமையல் சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். மீத்தேன் மிகுந்த இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது, மேலே எழும். கசிந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் கதவு சன்னல்களைத் திறக்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

தோழமைகளே, நம் பகுதிப் பிள்ளைகள் பெரும்பாலும் விவசாயக் குடும்பத்தினர். எண்ணெய்க் கிணறுகளைப் பற்றி வீட்டிலும் தேநீர்க் கடையிலும் பேச்சைக் கேட்டே வளர்கிறார்கள். காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி 2020-ல் சட்டம் வந்ததையும் அறிவார்கள். நாம் எந்தப் பக்கம் என்று வகுப்பறையில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பக்கம் நின்றாலும் சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்களாக அவர்களை ஆக்குவது நம் கடமை. எவ்வளவு ஆழம்? அங்கே அழுத்தம் எவ்வளவு? எண்ணெயோடு எவ்வளவு வாயு வருகிறது, அது எங்கே போகிறது? கூட வரும் உப்பு நீரை என்ன செய்கிறார்கள்? இந்த நான்கு கேள்விகளும் எட்டாம் வகுப்புப் பாடத்துக்கும் பத்தாம் வகுப்புப் பாடத்துக்கும் உள்ளேதான் இருக்கின்றன.

தொடக்கநிலையில் செங்கல்லும் நீரும் போதும். நடுநிலையில் விளக்கெண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் சாய்த்த தட்டில் ஓடவிட்டு, சூடாக்கியும் ஓடவிட்டுப் பாகுநிலையைக் காட்டலாம். உயர்நிலையில் சோடாவும் சிரிஞ்சும். மேல்நிலை வேதியியல் ஆசிரியர்களுக்குப் பதினொன்றாம் வகுப்பின் 'வாயு நிலைமை' பாடத்தில் வரும் அமுக்கத்திறன் காரணி இருக்கிறது. 200 வளிமண்டல அழுத்தத்தில் பாயில் விதி மட்டும் போதாது என்பதால், எரிவாயுவுக்கு அந்தக் காரணியைப் படித்தறியும் வரைபடத்தை ஸ்டாண்டிங்கும் காட்ஸும் 1942-ல் வெளியிட்டார்கள். பாடத்தில் வரும் அந்த Z, தேர்வுக்காக மட்டும் உள்ள எழுத்து இல்லை என்று மாணவர்கள் அறியட்டும்.

கடைசியாக, அந்த மாணவிக்கு வருகிறேன். ஒரு வாரம் கழித்து அதே வகுப்பில், "போன வாரம் நான் சொன்னது பாதிதான் சரி" என்று சொல்லிவிட்டு, ஒரு சோடா பாட்டிலை மேசைமேல் வைத்தேன். மெல்லத் திறந்தேன். குமிழி கிளம்பியது. அவள் உடனே சொன்னாள்: "அப்ப எண்ணெய் வர்ற வரைக்கும் நெருப்பும் எரியும் டீச்சர்."

நான் சேர்த்துச் சொன்னது ஒன்றே: "எரிக்காம பயன்படுத்தவும் முடியும்மா. எப்படின்னு யோசிச்சிட்டு வா."